கொடி அடுப்புக்கு ஒரு பேட்டரி

விறகடுப்பு எரிந்த காலத்து வீடுகளில் 'கொடி அடுப்பு' என்று ஒன்று இருக்கும். பெரிய அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்க, அதன் அனல் ஒரு துளை வழியாகப் பக்கத்து அடுப்புக்குப் போகும். அங்கே பாலோ, ரசமோ, குளிக்க வெந்நீரோ தானாகச் சூடாகும். அதற்கென்று ஒரு சுள்ளிகூடத் தனியாக வைக்க வேண்டாம்.

தொழிற்சாலைகளில் இதே வேலைக்கு 'இணை மின் உற்பத்தி' என்று பெயர். ஒரே எரிபொருளை எரித்து மின்சாரமும் எடுத்துக்கொள்வது, மிஞ்சும் வெப்பத்தையும் வீணாக்காமல் வேலை வாங்குவது. சாதாரண நிலக்கரி மின்நிலையத்தில் எரிபொருளின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல்தான் மின்சாரமாகிறது. மீதி புகைபோக்கியிலும் குளிர்விப்புக் கோபுரத்திலும் போய்விடும். வெப்பத்தையும் பயன்படுத்திக்கொள்ளும் ஆலையில் 65 முதல் 80 சதவிகிதம் வரை உருப்படியாக வேலைக்கு வரும்.

ஆனால், கொடி அடுப்பில் ஒரு சங்கடம் உண்டு. பெரிய அடுப்பு எரியும்போது மட்டும்தான் அதில் சூடு இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்குத் திடீரென்று விருந்தாளி வந்தால், காபிக்காகப் பெரிய அடுப்பையே மூட்ட வேண்டியிருக்கும். ஆலைகளுக்கும் இதே சங்கடம்தான். அதைத் தீர்க்கத்தான் இப்போது பேட்டரியைப் பக்கத்தில் வைக்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்டம் மாதிரி தொழிற்சாலைகள் நெருங்கியிருக்கும் இடத்தில் இது வெறும் பொறியியல் சமாச்சாரம் இல்லை. மாதா மாதம் வரும் ஈ.பி. பில், அதனால் கூடும் உற்பத்திச் செலவு, அதை நம்பியிருக்கும் வேலைகள் எல்லாம் இதோடு சேர்ந்தவை.

வெப்பம் தேடும் மாவட்டம்

ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் தாண்டித் தெற்கே போனால், மறைமலை நகர், மகேந்திரா சிட்டி என்று ஆலைகள் வரிசையாக வரும். இவற்றுக்கு மின்சாரம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெப்பமும் வேண்டும் என்பதுதான் வெளியே தெரியாது. கார் கம்பெனிக்குப் பெயின்ட் காயவைக்கச் சூட்டு அறை வேண்டும். மருந்து ஆலைக்குக் கிருமி நீக்க நீராவி வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் பக்கம் உள்ள பெரிய ஓட்டல்களுக்கு வெந்நீர், துணி வெளுக்க நீராவி, அறைகளுக்கு ஏ.சி. மூன்றும் வேண்டும்.

மாவட்டத்தின் உட்பகுதி ஏரிப் பாசன நெல் பூமி. அங்குள்ள அரிசி ஆலைகளில் புழுங்கல் அரிசிக்கு நெல் அவிக்க உமியை எரித்து நீராவி எடுப்பது பழைய பழக்கம். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமிதான். அவிப்பது உமியில், அரைப்பது ஈ.பி. கரன்ட்டில் என்று இரண்டும் தனித்தனியாக நடக்கும். அதே நீராவியை அதிக அழுத்தத்தில் எடுத்து, முதலில் ஒரு சின்ன டர்பைனைச் சுழற்றவிட்டு, பிறகு நெல் அவிக்க அனுப்பினால் அதுதான் இணை மின் உற்பத்தி.

செங்கல்பட்டைத் தாண்டினால் படாளம். மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கும் ஊர். கரும்பு ஆலைகள் இந்தத் தொழில்நுட்பத்தின் தாய்வீடு என்றே சொல்லலாம். ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் சுமார் 300 கிலோ சக்கை மிஞ்சும். அதை எரித்து வரும் நீராவியில் டர்பைனும் சுழலும், சாறும் காயும். பழைய குறைந்த அழுத்த பாய்லர் என்றால் ஆலையின் சொந்தத் தேவைக்கே சரியாகப் போகும். உயர் அழுத்த பாய்லர் என்றால் மின்வாரியத்துக்கு விற்கவும் மிச்சமிருக்கும். கரும்புக்குப் பணம் எப்போது வரும் என்று காத்திருக்கும் விவசாயிக்கு, ஆலைக்கு இப்படி இன்னொரு வருமானம் இருப்பதும் இல்லாததும் சின்ன விஷயம் இல்லை.

கல்பாக்கத்துக் கொடி அடுப்பு

இந்தக் கடற்கரையின் மிகப் பெரிய கொடி அடுப்பு மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தில் இருக்கிறது. சென்னை அணுமின் நிலையத்தில் தலா 220 மெகாவாட் திறனுள்ள 2 அலகுகள். முதல் அலகு 1984லும் இரண்டாவது 1986லும் வணிக உற்பத்திக்கு வந்தன. இந்த வகை அணு உலையில் உண்டாகும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மின்சாரமாகிறது. மீதியைக் குளிர்விக்கத்தான் கடல்நீர். வெந்நீராக அது மறுபடி கடலுக்கே போகிறது.

வீணாகும் வெப்பத்தில் கொஞ்சத்தைப் பிடித்துக் குடிநீராக்க முடியுமா என்று பாபா அணு ஆராய்ச்சி மையம் அங்கேயே ஒரு நிலையத்தைக் கட்டியது. நாளொன்றுக்கு மொத்தம் 63 லட்சம் லிட்டர். அதில் 18 லட்சம் லிட்டர் சவ்வு வழியாக, அதாவது வீட்டில் இருக்கும் ஆர்.ஓ. மெஷினின் பெரிய அண்ணன் மூலமாக. மீதி 45 லட்சம் லிட்டர், கடல்நீரைச் சூடாக்கி, அழுத்தம் குறைந்த அறைகளில் அடுத்தடுத்து ஆவியாக்கி எடுப்பது. அதற்கான வெப்பம் டர்பைனுக்குப் போகும் வழியில் பிரித்தெடுத்த நீராவியிலிருந்து வருகிறது. அந்த நீராவி கடல்நீரை நேரடியாகத் தொடுவதில்லை. நடுவில் தனிச் சுற்று ஒன்று வைத்துத்தான் வெப்பத்தைக் கைமாற்றுகிறார்கள்.

இதன் அருமை தெரிய வடக்கே நெம்மேலியைப் பார்க்க வேண்டும். சென்னைக்குக் குடிநீர் தரும் அங்கே, 2013ல் திறந்த 10 கோடி லிட்டர் ஆலையும், 2024ல் திறந்த 15 கோடி லிட்டர் ஆலையும் முழுக்க மின்சாரத்தில் ஓடுபவை. சவ்வு முறையில் 1,000 லிட்டர் நீருக்கு 3 முதல் 4 யூனிட் ஆகும். இரண்டும் முழு அளவில் ஓடினால் ஒரு நாளைக்கு ஏழரை லட்சம் முதல் 10 லட்சம் யூனிட். தென்சென்னையில் ஒருவர் குழாயைத் திறக்கும்போது தண்ணீரோடு கரன்ட்டும் சேர்ந்தே கொட்டுகிறது.

கல்பாக்கத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று பேட்டரி. மின்சாரம் தயாரிக்கும் இடத்துக்கு பேட்டரி எதற்கு என்று தோன்றலாம். மின் தொகுப்பும் டீசல் ஜெனரேட்டரும் கைவிட்டாலும் கட்டுப்பாட்டுக் கருவிகள் விழித்திருக்க வேண்டும் என்பதால், இந்திய அணுமின் நிலையங்களில் முதல் வகுப்பு மின்சாரம் என்பதே பேட்டரியிலிருந்து வருவதுதான். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நீர் கல்பாக்கத்தின் கடல்நீர் பம்ப் கூடத்துக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. 2011ல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் டீசல் ஜெனரேட்டர்களோடு பேட்டரிகளும் தண்ணீரில் மூழ்கியபோது என்ன ஆனது என்பதை உலகமே பார்த்தது.

இரண்டு கடிகாரங்கள்

சரி, சாதாரணத் தொழிற்சாலைக்கு வருவோம். அங்கே வெப்பத்துக்கு ஒரு கடிகாரம், மின்சாரத்துக்கு ஒரு கடிகாரம். அரிசி ஆலையில் நெல் அவிக்கும் நேரம் வேறு, அரைவை மெஷின்கள் முழுவீச்சில் ஓடும் நேரம் வேறு. ஓட்டலில் வெந்நீர் அதிகம் போவது விடியற்காலையில், கரன்ட் அதிகம் இழுப்பது ராத்திரி ஏ.சி. ஓடும்போது.

நீராவி எவ்வளவு தேவையோ அவ்வளவுக்குத்தான் டர்பைன் சுழலும் என்பது பல ஆலைகளின் அமைப்பு. நீராவித் தேவை குறைந்தால் மின்சாரமும் குறையும். மாலை ஆறு மணிக்கு ஆலைக்குள் எல்லா மோட்டாரும் ஓடும். அந்த நேரம் பார்த்து நீராவித் தேவை இறங்கியிருந்தால், விலை உயர்ந்த ஈ.பி. கரன்ட்டை வாங்கியாக வேண்டும். நடுராத்திரியில் நீராவி வேண்டியிருக்கும். கூடவே வரும் மின்சாரத்தை வாங்க ஆளிருக்காது.

பேட்டரியின் முதல் வேலை இந்த இரண்டு கடிகாரங்களையும் ஒத்துப்போக வைப்பது. இரண்டாவது வேலை இன்னும் சுவாரஸ்யமானது. பெரிய மோட்டார் ஒன்று ஸ்டார்ட் ஆகும் நொடியில் மின்சாரத் தேவை சட்டென்று எகிறும். டர்பைனோ கேஸ் இன்ஜினோ அந்த வேகத்துக்கு எழும்பாது. ஏற்றம் ஏறும் லோடு லாரி மாதிரி முக்கும். சில சமயம் நின்றேவிடும். பேட்டரி ஒரு நொடிக்குள் முழுத் திறனையும் கொடுத்துவிடும். அதற்குள் இன்ஜின் சுதாரித்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் இதைப் பெரிய அளவிலேயே செய்து பார்த்துவிட்டார்கள். வெப்பத்தை விற்காத, மின்சாரம் மட்டும் தயாரிக்கும் நிலையங்கள்தான் அவை. ஆனால் டர்பைனுக்கும் பேட்டரிக்கும் உள்ள கூட்டாளித்தனம் ஒன்றுதான். தெற்குக் கலிஃபோர்னியாவில் 2017ல், சுமார் 50 மெகாவாட் கேஸ் டர்பைனோடு 10 மெகாவாட் பேட்டரியைச் சேர்த்தார்கள். அவசரத்துக்கு வேண்டுமே என்று டர்பைனைச் சும்மா ஓடவிட்டு கேஸை எரித்துக்கொண்டிருந்தது அதோடு முடிந்தது. கரன்ட் கேட்டால் பேட்டரி உடனே கொடுக்கும். டர்பைன் அதற்குள் எழுந்து வந்துவிடும். அதே வருடம் அதே மாநிலத்தின் எல் சென்ட்ரோவில், அணைந்து கிடந்த 44 மெகாவாட் டர்பைனை வெளி மின்சாரம் எதுவும் இல்லாமல் பேட்டரியை வைத்தே ஸ்டார்ட் செய்து காட்டினார்கள். பேட்டரி இறங்கிய காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

93 காசு கணக்கு

பேட்டரி வாங்கினால் லாபம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். பில்லைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் உயர் அழுத்த மின்சாரம் வாங்கும் தொழிற்சாலைக்கு, காலையும் மாலையும் வரும் உச்ச நேரத்தில் யூனிட் விலையில் 25 சதவிகிதம் கூடுதல். ராத்திரியில் 5 சதவிகிதம் தள்ளுபடி. யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உச்ச நேரத்தில் 8 ரூபாய் 75 காசு; ராத்திரியில் 6 ரூபாய் 65 காசு. ராத்திரியில் வாங்கி பேட்டரியில் ஏற்றி மாலையில் எடுத்தால் 2 ரூபாய் 10 காசு மிச்சம் என்று தோன்றும்.

ஆனால் பேட்டரி வாங்கியதையெல்லாம் திருப்பித் தராது. ஏற்றி இறக்குவதில் சுமார் 15 சதவிகிதம் தொலையும். ஒரு யூனிட் எடுக்க 1.18 யூனிட் ஏற்ற வேண்டும். அந்த வகையில் ராத்திரி கரன்ட்டின் அடக்க விலை 7 ரூபாய் 82 காசு. மிச்சம் 93 காசுதான். தினம் ஒரு முறை, 10 வருடம் விடாமல் செய்தாலும் ஒரு யூனிட் கொள்ளளவுக்குச் சுமார் 3,400 ரூபாய். அந்த விலைக்கு இன்வெர்ட்டர், ஏ.சி., பாதுகாப்பு ஏற்பாடு எல்லாம் சேர்ந்த பேட்டரியை யாரும் தரமாட்டார்கள். வெறும் ஈ.பி. கரன்ட்டை வாங்கி வைத்து விற்பதற்காக பேட்டரி போடுவது, இன்றைய தமிழ்நாட்டுக் கட்டணத்தில், கட்டுப்படியாகாத வியாபாரம்.

சொந்த டர்பைன் உள்ள ஆலைக்கு இதே கணக்கு வேறு மாதிரி வரும். நடுராத்திரியில் கேட்பாரற்ற மின்சாரத்துக்கு வெளியே 3 ரூபாய்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை விற்காமல் பேட்டரியில் ஏற்றினால் அடக்கம் 3 ரூபாய் 54 காசு. மாலையில் ஆலையின் தேவை சொந்த டர்பைனைத் தாண்டும்போது அது 8 ரூபாய் 75 காசு கரன்ட்டை மிச்சப்படுத்தும். லாபம் 5 ரூபாய் 21 காசு. 10 வருடத்தில் 19,000 ரூபாய். 93 காசு எங்கே, 5 ரூபாய் எங்கே! கொடி அடுப்பு இருக்கும் வீட்டில்தான் பேட்டரிக்கு மரியாதை.

யூனிட் கட்டணத்தைத் தவிர, 'டிமாண்ட் சார்ஜ்' என்று ஒன்று இருக்கிறது. மாதத்தில் எந்த நேரத்தில் மிக அதிகமாக இழுத்தீர்களோ அதற்கான கட்டணம். 2022ல் இது ஒரு கே.வி.ஏ.வுக்கு 350 ரூபாயிலிருந்து 550 ரூபாய் ஆனது. அதன் பிறகும் ஏறியிருக்கிறது. மாதம் முழுக்கச் சிக்கனமாக ஓட்டிவிட்டு, ஒரு நாள் டர்பைன் மக்கர் செய்து அரை மணி நேரம் முழுப் பாரமும் ஈ.பி. லைனில் விழுந்தால் போதும். அந்த மாதக் கட்டணத்தை அந்த அரை மணிதான் நிர்ணயிக்கும். பேட்டரி அந்த அரை மணியைத் தாங்கிக்கொண்டு 200 கே.வி.ஏ.வைக் குறைத்தால், 550 ரூபாய்க் கணக்கிலேயே மாதம் 1,10,000 ரூபாய், வருடத்துக்கு 13,20,000 ரூபாய்.

இதிலும் ஒரு கொக்கி இருக்கிறது. ஒப்பந்த அளவில் 90 சதவிகிதத்துக்குக் குறையாமல் பில் போடுவது மின்வாரிய விதி. பேட்டரியை வாங்கி வைத்துவிட்டு ஒப்பந்த அளவைக் குறைக்க மறந்தால், மீட்டர் குறைவாகக் காட்டும், பில் குறையாது.

2023ல் மத்திய அரசு திருத்திய மின் நுகர்வோர் விதிகள், வெயில் நேரத்துக் கட்டணம் வழக்கத்தைவிட 20 சதவிகிதமாவது குறைவாகவும், தொழில், வணிக நுகர்வோருக்கு உச்ச நேரத்தில் குறைந்தது 1.2 மடங்காகவும் இருக்க வேண்டும் என்கின்றன. அந்த 20 சதவிகிதக் குறைவு முழுசாகக் கிடைக்கும் ஆலைக்கு, பகலில் 5 ரூபாய் 60 காசுக்கு ஏற்றி மாலையில் எடுத்தால், 93 காசு 2 ரூபாய் 14 காசாகும். பேட்டரியின் தலையெழுத்து லித்தியத்தில் பாதி, கட்டண ஆணையில் பாதி.

முதலில் அண்டாவைப் பாருங்கள்

பேட்டரி பேச்சில் எல்லோரும் மறந்துபோகிற பழைய பொருள் ஒன்று உண்டு. வெந்நீர் அண்டா.

1,000 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி கூடுதலாகச் சூடாக்கி வைத்தால், அதில் சுமார் 35 யூனிட் அளவு வெப்பம் அடங்கியிருக்கும். நன்றாகக் கம்பளி போர்த்திய தொட்டி என்றால் ஒரு ராத்திரி தாங்கும். டென்மார்க்கில் ஊருக்கே வெப்பம் தரும் சின்னச் சின்ன இணை மின் நிலையங்கள், பெரிய வெந்நீர்த் தொட்டிகளை வைத்துக்கொண்டு, மின்சாரத்துக்கு நல்ல விலை கிடைக்கும் நேரத்தில் மட்டும் இன்ஜினை ஓட்டுகின்றன. வெப்பம் தொட்டியில் காத்திருக்கும். மாமல்லபுரத்து ஓட்டலுக்கும் முதல் செலவு தொட்டியாக இருப்பதுதான் புத்திசாலித்தனம். வெப்பத்தை அண்டாவில் வைக்க முடிந்த வரைக்கும் வைத்துவிட்டு, மீதிக்கு மட்டும் பேட்டரி வாங்கினால் அதன் அளவே பாதியாகலாம்.

படாளத்து மாதிரி கரும்பு ஆலைக்கு வேறு கதை. அங்கே முற்றத்தில் மலையாகக் கிடக்கும் சக்கைக் குவியலே பேட்டரிதான். இன்று எரிக்காவிட்டால் நாளை எரிக்கலாம். அந்த ஆலைக்கு மணிக்கணக்கில் தாங்கும் பெரிய பேட்டரி தேவையில்லை. மின் தொகுப்பு அறுந்துபோகும் நொடியில் டர்பைன் கீழே விழாமல் பிடிக்கும் சின்னது போதும். கல்பாக்கத்தில் சுத்திகரித்த நீரைத் தொட்டியில் சேர்ப்பதும் வெப்பத்தைச் சேமிப்பதன் இன்னொரு வடிவம்தான்.

புயலும் உப்புக் காற்றும்

2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பிறகு, பல நாள் கரன்ட் இல்லாமல் இருந்தது இந்தப் பகுதிக்கு நன்றாக நினைவிருக்கும். அதற்கும் முன்னால், 2008க்குப் பிறகான மின்வெட்டுக் காலத்தில் ஆலைக்கு ஆலை டீசல் ஜெனரேட்டர் ஓடியதும், வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்ததும் அப்படித்தான்.

புயல் நேரத்தில் மின் தொகுப்பு விழுந்தாலும் தனித் தீவு மாதிரி தன்னைத்தானே ஓட்டிக்கொள்ள இணை மின் நிலையத்தால் முடியும். 2012ல் சாண்டி புயல் அமெரிக்கக் கிழக்குக் கரையைப் புரட்டிப்போட்டபோது, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வளாகம் அதன் சொந்த 15 மெகாவாட் நிலையத்தால்தான் வெளிச்சமாக இருந்தது. தீவாக ஓடும்போது ஏற்ற இறக்கத்தைத் தாங்க வேறு துணை கிடையாது. மோட்டார் ஒன்று ஆன் ஆனால் விளக்கு எல்லாம் மங்கும். பேட்டரி அங்கே தோள் கொடுக்கும். கடலோர மருத்துவமனைக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் இந்த ஒரு காரணமே போதும். 93 காசு கணக்கெல்லாம் அங்கே எடுபடாது.

அதே கடல்தான் பேட்டரிக்கு எதிரியும். உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கும். கத்திரி வெயில் ஆயுளைக் குறைக்கும். லித்தியம் பேட்டரி 25 டிகிரியை ஒட்டிய சூட்டில்தான் நிம்மதியாக இருக்கும். மே மாதச் செங்கல்பட்டில் நிழலிலேயே 40ஐத் தொடும். அதனால் அதை வைக்கும் இரும்புக் கன்டெய்னருக்கு நாள் முழுக்க ஏ.சி. வேண்டும். அந்த ஏ.சி.க்கு ஆகும் கரன்ட்டைக் கணக்கில் சேர்க்காமல் லாபம் சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேசுவது நல்லது. தீ பிடித்தால் அணைப்பது கடினம் என்பதால், பாய்லர் கூடத்துக்கும் எரிபொருள் கிடங்குக்கும் எட்ட வைக்க வேண்டும். வெள்ளம் எட்டாத உயரத்தில் மேடை கட்ட வேண்டும்.

இதிலும் கொடி அடுப்பு கைகொடுக்கும். மிஞ்சும் வெப்பத்தை வைத்தே குளிர்ச்சி உண்டாக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. லித்தியம் புரோமைடு கரைசலில் நீராவியை உறிஞ்சவைத்துத் தண்ணீரை 7 டிகிரி அளவுக்குக் குளிரவைக்கும் இவற்றை, புனேயின் தெர்மாக்ஸ் போன்ற இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன. கரன்ட் தேவை மிகக் குறைவு. அந்தக் குளிர்நீரில் ஒரு குழாயை பேட்டரி அறைக்குத் திருப்பிவிட்டால் போதும். கத்திரி வெயிலில் அதற்கென்று தனி ஏ.சி. கரன்ட் இழுக்காது.